தூண்டிலும் தோழமையும்

ஓர் இன்பத்திற்காக மனிதன் எத்தனை நாள் காத்திருக்கலாம்? காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்கிவிட்ட பிறகும் ஒருவன் காத்திருப்பானாயின், அவனை அறிவுடையவன் என்பதா, பழக்கத்திற்கு அடிமைப்பட்டவன் என்பதா? நாளில் என்ன இருக்கிறது, எல்லா நாளும் நாளே என்று பேசிப் பழகியவர்கள் நாம். அங்ஙனம் பேசிய வாயை ஒரு நாள் நாமே மூடிக்கொள்ள நேர்ந்தது. அது நேர்ந்த இடம் கோயிலுமன்று, கழக மேடையுமன்று. அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைச்சாரலில் உள்ள ரோஸ்கோ என்னும் சிற்றூரின் ஆற்றங்கரை. நாள், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1. அந்நாட்டார் அதனை டிரவுட் மீன் பருவத்தின் திறப்பு நாள் என்பர்.

நம்மை அங்கு அழைத்துச் சென்றவர் நம் பள்ளித்தோழர். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் நம்மோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவில் வாழ்கிறார். மருத்துவமனை எந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் தொழிலாயிருந்தது. சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பால்மரக் காட்டுக்கு அப்பால் ஓடிய ஓடைக்கு ஓடுவோம். மண்புழுவைக் கோத்து விராலுக்கும் கெளுத்திக்கும் தூண்டிலிடுவோம். பிடித்ததெல்லாம் அன்றிரவே குழம்பாகிவிடும். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறவர்கள் உலகில் உண்டு என்று அந்நாளில் எவரேனும் நம்மிடம் சொல்லியிருந்தால், பசி என்பதை அறியாதவர்கள் போலும் என்று நகைத்திருப்போம்.

அத்தகைய தோழர்தாம் இப்பொழுது மூன்று அமெரிக்க நண்பர்களோடு கூடி, 1996ஆம் ஆண்டு தொடங்கி, ஆண்டு தவறாமல் ஏப்ரல் முதல் நாளில் அவ்வாற்றங்கரைக்குச் செல்கிறார். ஒருவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருவர் பள்ளி ஆசிரியராயிருந்தவர், மூன்றாமவர் தச்சர். செல்வரென்று சொல்லத்தக்கவர் நால்வரில் எவருமிலர். இருபத்தெட்டாம் ஆண்டில் ஐந்தாமவராக நாம் சென்றோம். தூண்டில் எடுத்துச் செல்லவில்லை. கோப்பிக் குடுவையைச் சுமக்கும் பணி நம்முடையதாயிற்று.

டிரவுட் என்பது நம் நாட்டு ஆறுகளுக்கு உரிய மீனன்று. குளிர்ந்து தெளிந்த ஓடும் நீரிலன்றி அது வாழாது. நீரின் வெப்பம் 20 பாகையைத் தாண்டினாலே அதற்குத் துன்பம் தொடங்கிவிடும். உடலெங்கும் புள்ளிகள், ஒரு வகைக்குச் செம்புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையமும் உண்டு. கேட்ஸ்கில் ஓடைகளின் பழங்குடி வேறு இனம். இன்று அங்குப் பெருகியிருக்கும் பழுப்பு டிரவுட்டோ 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து முட்டையாய்க் கப்பலேறி அமெரிக்கா வந்த குடியேறி. கப்பலேறி வந்த குடும்பத்தில் பிறந்த நமக்கு அம்மீனிடம் சற்றே உறவு தோன்றியதென்றால் படிப்பவர்கள் பொறுத்தருள்க.

தமிழர்க்கும் இம்மீனுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. வெள்ளையர்கள் தாம் சென்ற மலைகளுக்கெல்லாம் இதனைச் சுமந்து சென்றார்கள். 1880களில் இலங்கையின் நுவரெலியா ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907ஆம் ஆண்டில் இதற்கெனப் பொரிப்பகம் அமைத்தார்கள். துரைமாரும் அதிகாரிகளும் ஓய்வு நாளில் தூண்டிலிட்டு மகிழ்வதற்காக நடந்த ஏற்பாடு அது. அவ்வோடைகளுக்கு மேலே சரிவுகளில் கொழுந்து பறித்த நம் மக்களுக்கு அம்மகிழ்ச்சியில் பங்கில்லை. ஆகவே டிரவுட் தூண்டில் என்றாலே நம் மனத்தில் ஒரு துரையின் உருவம் எழுவது இயற்கை. ரோஸ்கோவில் பேருந்து ஓட்டியவரும் தச்சரும் ஆற்றில் நிற்பதைக் கண்டு நாம் முதலில் வியந்ததற்குக் காரணம் அதுவே. நியூயார்க் மாநிலம் 1935ஆம் ஆண்டு முதல் ஆற்றோர நில உடைமையாளர்களிடம் கரையில் நடக்கவும் மீன் பிடிக்கவும் உள்ள உரிமையை விலைக்கு வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு வருகிறதாம். அதே ஆற்றின் மேற்பகுதியில் வேலியடைத்த தனியார் சங்கங்கள் இன்னும் இருக்கின்றன என்பதையும் தோழர் மறைக்கவில்லை.

ரோஸ்கோவில் பீவர்கில், வில்லோவீமாக் என்னும் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. கூடும் இடத்தில் ஒரு பெருமடு. அதற்குச் சந்திமடு என்னும் பொருளில் ஒரு பெயர். அங்கு இரண்டு தலை மீன் ஒன்று வாழ்வதாக ஊரார் ஒரு கதை சொல்வர். எந்த ஆற்றில் ஏறுவதென்று முடிவு செய்ய இயலாமல் அங்கேயே தயங்கித் தயங்கி நின்ற ஒரு டிரவுட்டுக்கு ஈற்றில் இரண்டு தலைகள் முளைத்துவிட்டனவாம். முடிவு செய்யாத மனிதர்களுக்கு அப்படி முளைப்பதில்லை; முளைத்தால் நம் சங்கங்களின் நிர்வாகக் கூட்டங்களுக்கு இடம் போதாது.

விடியற்காலையில் அம்மடுவின் கரையில் மக்கள் திரண்டிருந்தார்கள். முழங்காலுக்கு மேல் ஏறிய ரப்பர்க் காற்சட்டை அணிந்து நம்மவர் நால்வரும் சற்றுக் கீழே, தங்களுக்கு வழக்கமான வளைவில் இறங்கினார்கள். நாம் நீரைத் தொட்டுப் பார்த்தோம், விரல் மரத்துவிட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் அந்நீர் பனி உருகிய நீர். குளிரால் மீனுக்கு ஊக்கம் குறைவு. இரை தேடி மேலெழாமல் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். அவ்வாற்றில் புகழ்பெற்ற ஈக்கள் நீரிலிருந்து இறகு விரித்துக் கிளம்புவதோ அம்மாதத்தின் நடுவிலும் அதற்குப் பின்னுமே. மீன் அகப்படுவதற்கு மிகவும் தகாத நாட்களில் ஒன்றை இவர்கள் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள் என்பது நமக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. "மே மாதத்தில் வரலாமே?" என்றோம். "மே மாதத்தில் மீன் பிடிக்க வருவோம்" என்றார் ஆசிரியர்.

அவர்கள் புழுவைக் கோப்பதில்லை. இறகும் மயிரும் பட்டு நூலும் கொண்டு, ஈயைப் போலவே தூண்டில் முள்ளின் மேல் கட்டிய பொய் ஈயை வீசுகிறார்கள். ஆசிரியர் குளிர்கால இரவுகளில் அமர்ந்து நால்வருக்கும் வேண்டியவற்றைக் கட்டிவிடுவார். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவார், மீனின் வாயிலிருந்து எளிதில் கழலும் பொருட்டு. மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்கிறார்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலம் சிதைந்துவிடுமாம்.

இத்துணைப் பரிவும் எதற்கு என்ற வினா இவ்விடத்தில் எழாமற் போகாது. பரிவுடையவன் முள்ளை ஏன் எடுக்கிறான்?

இது பழைய வழக்கு. இங்கிலாந்தில் ஐசக் வால்ட்டன் என்பார் 1653ஆம் ஆண்டில் தூண்டில் மீன்பிடித்தலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்து, அரசன் தலை வெட்டுண்டு நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். அக்காலத்தில் ஆற்றங்கரை நண்பர்களின் உரையாடலாய் எழுந்த அந்நூல் இன்றளவும் படிக்கப்படுகிறது. வால்ட்டனுக்கு சார்ல்ஸ் காட்டன் என்று ஒரு நண்பர். வயதில் முப்பத்தேழு ஆண்டு இளையவர். அவர் 1674ஆம் ஆண்டில் டவ் ஆற்றங்கரையில் மீன்பிடிப்போர் தங்கச் சிறியதொரு கல்வீடு கட்டி, தம் பெயரின் முதலெழுத்துக்களையும் வால்ட்டன் பெயரின் முதலெழுத்துக்களையும் ஒன்றோடொன்று பின்னி அதில் பொறித்து வைத்தார். நட்புக்கு இதனினும் இனிய சின்னம் அரிது. ஆயினும் பைரன் என்ற கவிஞர் தம் டான் ஜுவான் காவியத்தில் அந்த வால்ட்டனையே கொடியவரென்று எள்ளிப் பாடினார். நண்பனிடம் மென்மையாயிருந்தவன் மீனிடம் வன்மையாயிருந்தான் என்பது வழக்கின் சாரம்.

ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் இவ்வழக்கில் அறிவியல் ஒரு சாட்சியைக் கொணர்ந்தது. லின் ஸ்னெடன் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் 2003ஆம் ஆண்டில் வானவில் டிரவுட்டின் தலையில் ஊறுணரும் நரம்புகள் இருப்பதை வெளியிட்டார்கள். உதட்டில் தேனீ நஞ்சும் அமிலமும் செலுத்தப்பட்ட மீன்கள் விரைந்து மூச்செறிந்தன. அமிலம் செலுத்தப்பட்டவை கூழாங்கல்லில் உதட்டைத் தேய்த்தன. நெடுநேரம் இரை கொள்ளவில்லை. மீனின் மூளையில் நம்முடையதைப்போன்ற மேலுறை இல்லாமையால் அது வலியை உணர்வதாகச் சொல்ல முடியாது என்று வாதிடும் அறிஞரும் உளர். நாம் மருத்துவருமல்லோம், விலங்கியலாருமல்லோம். ஆனால் கல்லில் உதட்டைத் தேய்க்கும் ஒரு மீனைக் கண்ணெதிரே கண்டவன், மூளையின் மேலுறையைப் பற்றிப் பேசி மனத்தை ஆற்றிக்கொள்வானாயின், அவன் தன் வசதிக்காக வாதிடுகிறான் என்றே நாம் எண்ணுவோம்.

சுவிட்சர்லாந்து 2008ஆம் ஆண்டில், திரும்ப விட்டுவிடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைச் சட்டத்தால் விலக்கிற்று. உண்பதற்கன்றி வெறும் விளையாட்டுக்காக ஓர் உயிரை வருத்தலாகாது என்பது அதன் கருத்து. நியூயார்க்கிலோ குளிர்கால மாதங்களில் விட்டுவிடுவதே சட்டம். ஒரு நாட்டில் விடுவது குற்றம், மற்றொரு நாட்டில் கொள்வது குற்றம்! இரண்டுக்கும் நோக்கம் மீனின் நலமே. சுவிஸ் சட்டம் ஒவ்வொரு மீனின் வலியை எண்ணுகிறது. நியூயார்க் சட்டம் மீன் குலத்தின் தொகையை எண்ணுகிறது.

இதனை நாம் கரையிலிருந்தபடியே தோழரிடம் எடுத்துரைத்தோம்.

"அன்றைக்குப் பசிக்குப் பிடித்தோம். இன்றைக்கு எனக்குப் பசியில்லை. பசியில்லாதவன் கொன்றால் அதற்கு என்ன பெயர்?" என்றார்.

"பசியில்லாதவன் வருத்தினால் அதற்கு என்ன பெயர்?" என்றோம்.

அவர் விடை சொல்லவில்லை. கயிற்றை மீண்டும் வீசினார். ஆனால் சிறிது நேரங்கழித்து, திரும்பிப் பாராமலே, "அதற்குத்தான் ஆறு மாதம் பிடிப்பதில்லை" என்றார்.

இச்சொல்லை நாம் பின்னர்ப் பலமுறை நினைத்ததுண்டு. அதன் பொருள் முழுதும் விளங்க அவ்வாற்றின் விதியைச் சொல்லியாக வேண்டும். பழுப்பு டிரவுட் இலையுதிர்காலத்தில் முட்டையிடும். பெண்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கற்களை அடித்துப் பள்ளம் பறித்து, அதில் முட்டையிட்டு, மீண்டும் கல்லால் மூடும். குளிர்காலம் முழுதும் அம்முட்டைகள் கல்லிடுக்கில் கிடந்து, வேனிலை ஒட்டிக் குஞ்சாகும். ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து மார்ச்சு இறுதி வரை அம்மாநிலத்தின் பெரும்பாலான ஓடைகள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. சில பகுதிகளுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. ஏப்ரல் முதல் நாள் திறப்பு. அந்நாளின் மதிப்பெல்லாம் அதற்கு முன்னிருந்த மூடிய நாட்களிலிருந்து வந்தது.

2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்விதி மாறிற்று. ஓடைகளில் ஆண்டு முழுவதும் தூண்டிலிடலாம் என்றாயிற்று. அக்டோபர் 16 முதல் மார்ச்சு 31 வரை செயற்கை இரை மட்டுமே கூடும், பிடித்ததை உடனே விட்டுவிட வேண்டும் என்பதே கட்டுப்பாடு. சட்டப்படி இனித் திறப்பு நாள் என்பது, மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல்லும் நாள் மட்டுமே. பிடித்ததைக் கொண்டுபோகாத நால்வருக்கு அந்நாளில் எஞ்சியிருந்தது யாது?

ஒன்றுமில்லை என்று அவர்கள் பிரிந்து போயிருக்கலாம். அல்லது விதி விட்டது, இனி வேண்டும்போதெல்லாம் வருவோம் என்று மகிழ்ந்திருக்கலாம். அவர்களோ அவ்வாண்டே ஊர் உணவுச்சாலையில் அமர்ந்து, நாம் பழைய கணக்கையே வைத்துக்கொள்வோம் என்று ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அதற்குக் காரணமும் கூறினார்கள். மீனை விட்டாலும், குளிர்காலத்தில் ஆற்றில் இறங்கி நடப்பவன் காலின் கீழ்க் கல்லிடுக்கு முட்டைகள் நசுங்கும். சட்டம் அனுமதித்துவிட்டது என்பதனால் முட்டை நசுங்காமற் போகுமா?

நாம் இதனை மெச்சுகிறோம். போலீசுக்கு அஞ்சி நல்லவனாயிருப்பவன், போலீசுக்காரன் திரும்பிய நாழிகையில் யாதாவான் என்பது நமக்குத் தெரியும். வேலி நீங்கிய பின்னும் பயிரை மேயாத மாட்டை நாம் பார்த்ததில்லை. மனிதனுக்கு அது கூடும். மீனை வருத்தும் குற்றத்திலிருந்து இதனால் அவர்கள் விடுபட்டுவிட்டார்கள் என்று நாம் சொல்லமாட்டோம்; அக்கடன் அப்படியே நிற்கிறது. ஆனால் கடன்பட்டவன் வட்டியையேனும் கட்டுவதற்கும், கடனே இல்லையென்று சாதிப்பதற்கும் வேறுபாடுண்டு. ஆறு மாதம் கையைக் கட்டிக்கொள்ளுதல் அவர்கள் கட்டிய வட்டி.

இம்மட்டில் நின்றிருந்தால் நாம் ஊர் திரும்பி அந்நால்வரைப் பற்றிப் புகழுரை ஒன்று எழுதி முடித்திருப்போம். நண்பகலில் நிகழ்ந்தது அதனைக் கெடுத்தது.

ஐவரும் கரைப்பாறையில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். ஒருவருக்கும் ஒரு மீனும் அகப்படவில்லை. அதனால் எவர்க்கும் வருத்தமில்லை. இறந்துபோன நாய்களைப் பற்றியும், ஓடாத வண்டிகளைப் பற்றியும், ஒரு முறை ஆசிரியர் ஆற்றில் வழுக்கி விழுந்து தொப்பி மட்டும் கீழ்வளைவில் கிடைத்ததைப் பற்றியும் பேசிச் சிரித்தார்கள். இருபத்தேழு முறை சொல்லித் தேய்ந்த கதைகள். இருபத்தெட்டாம் முறையும் சிரிப்பு குறையவில்லை. அச்சிரிப்பு அடங்கிய பொழுது தச்சர், கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தபடியே, "பிப்ரவரியில் ஒரு நாள் நான் இங்கு வந்தேன்" என்றார்.

ஆசிரியர் எழுந்தார். ஒன்றும் சொல்லாமல் நீரோரத்திற்குப் போய் நின்றுவிட்டார். பேருந்து ஓட்டியவர் மட்டும், "கிடைத்ததா?" என்று கேட்டார். "ஒன்று. விட்டுவிட்டேன். நீரில் இறங்கவில்லை, இந்தப் பாறை மேல் நின்றே வீசினேன்" என்றார் தச்சர். பிறகே காரணம் வந்தது. சனவரி மாதத்தில் மருத்துவர் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லி, இனிக் கணக்கு மாதங்களில்தான் என்று சொல்லியிருக்கிறார். ஏப்ரலைக் காண்போமோ மாட்டோமோ என்ற ஐயம் அவருக்கு.

"எங்களிடம் சொல்லியிருக்கலாமே!" என்றார் நம் தோழர். அக்குரலில் துயரத்தைக் காட்டிலும் சினமே மிகுந்திருந்தது.

"சொல்லியிருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள். எனக்காக நீங்கள் அதை முறிக்கக்கூடாது" என்றார் அவர்.

இப்பொழுது தீர்ப்பு யாது? அயலாராகிய நமக்கு முதலில் தோன்றியது எளிது. தச்சர் சட்டத்தை மீறவில்லை. மீனைக் கொல்லவில்லை. ஆற்றில் இறங்காமையால் முட்டைகளுக்கும் தீங்கில்லை. எதற்காக அவ்வுறுதி கொள்ளப்பட்டதோ அதனை அவர் எழுத்தெழுத்தாகக் காத்தார். எஞ்சியது நாள் ஒன்றுதானே! எல்லா நாளும் நாளே! சாகப்போகும் மனிதன் ஒரு மாதம் முந்தியதற்காக முகஞ்சுளிக்கும் நண்பர்கள் என்ன நண்பர்கள் என்று நமக்குக் கோபமே வந்தது. ஆசிரியரைக் கண்டித்துப் பேசவும் வாயெடுத்தோம்.

ஆனால் அவருடைய முதுகைப் பார்த்த பொழுது அது கோபங்கொண்டவன் முதுகாகத் தோன்றவில்லை.

புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த வரலாற்றை நம்மவர் அறிவர். சாகத் துணிந்து வடக்கு நோக்கி அமர்ந்த சோழன், தான் கண்ணாற் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் வருவார் என்று உறுதியாய்க் கூறி, அவருக்குத் தன் அருகே ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்தார். இதனை நட்பின் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் எத்தனையோ முறை எடுத்துரைத்திருக்கிறோம். அது வந்தவரின் பெருமை என்றே எண்ணியிருந்தோம். அப்பாறையில் அமர்ந்திருந்த பொழுதுதான் இடம் ஒதுக்கச் சொன்னவனின் பெருமை நமக்குத் தென்பட்டது. தன் சாவில் நண்பனுக்குப் பங்குண்டு என்று ஒருவன் உரிமையோடு எண்ணுவது எளிய காரியமன்று. பெரும்பாலோர் எண்ணுவதில்லை. தொல்லை கொடுக்கலாகாது, அவர்கள் நோன்பு கெடலாகாது, அவர்கள் முகம் வாடலாகாது என்று ஒவ்வொன்றாய் நல்ல காரணம் காட்டி, இடம் ஒதுக்காமலே போய்விடுகிறோம். தச்சர் செய்தது அதுவே. அவர் உடன்பாட்டின் நோக்கத்தைக் காத்தார். உடன்பட்டவர்களைத் தள்ளி வைத்தார். முட்டைகளுக்குத் தீங்கு வரவில்லை. மூன்று மனிதர்களுக்கு வந்தது.

இதனாலேயே அவரைக் குற்றவாளி என்போமா? மாட்டோம். நாளை உண்டென்று நம்புவோர் செய்துகொள்ளும் உடன்பாடுகள், நாளை இல்லையென்று தெரிந்தவனைக் கட்டுமா என்பதே ஐயத்திற்குரியது. நம்மைக் கேட்டால் கட்டாது என்போம். அவர் பிப்ரவரியில் வந்தது சரியே. நண்பர்கள் தம் பொருட்டு விதியை முறிப்பார்கள் என்று அவர் அஞ்சியதும் அன்பினால்தான். ஆனால் அவ்வன்பு நண்பர்களைக் குறைத்து எடைபோட்டுவிட்டது. தாமாகக் கட்டிய நோன்பை எப்பொழுது அவிழ்ப்பதென்று அறியாத மூடர்களாக அவர்களை ஆக்கிவிட்டது. நோன்பு காப்பதில் அவர்களுக்கிருந்த உரிமை, அதனை முறிப்பதிலும் அவர்களுக்கிருந்தது. இவ்வுரிமையை நம் குடும்பங்களிலும் நாம் நாள்தோறும் பறிக்கிறோம். தந்தையின் நோயை மகனிடம் மறைக்கிறோம். வேலை போனதை மனைவியிடம் மறைக்கிறோம். அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் சூட்டிக்கொள்கிறோம்.

நாம் இவ்வளவும் அங்குப் பேசவில்லை. விருந்தினன் பேசத்தக்க இடமன்று அது. நெடுநேரங்கழித்துத் தச்சரே மறுபடியும் பேசினார். அன்று குளிரில் விரல் விறைத்திருந்ததாம். மீன் முள்ளைக் கவ்வியதும் நெஞ்சு படபடத்ததாம். நல்ல மீன், முழங்கை நீளம் இருக்கும். கையை நனைத்து, அதனை நீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றி, அது தெளியும் வரை நீரோட்டத்தை நோக்கித் தாங்கி நின்று விட்டாராம். "விட்டதும் திரும்பிப் பார்த்தேன். உங்களில் ஒருவருமில்லை. அந்த மீன் உண்மையிலேயே வந்ததா என்று வண்டியில் போகும்போது எனக்கே ஐயம் வந்துவிட்டது" என்றார்.

பேருந்து ஓட்டியவர் சிரித்துவிட்டார். "முழங்கை நீளம் என்று நீ சொல்லும்போதே எங்களுக்கும் வந்துவிட்டது" என்றார். தச்சரும் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று, தோழர் முதுகைத் தடவிக் கொடுத்தார். அந்நேரத்தில் ஆசிரியர் திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து சிறு தகரப்பெட்டியை எடுத்துத் திறந்து, அக்குளிர்காலத்தில் தாம் கட்டிய ஈக்களில் நெடுநேரம் தேடி ஒன்றைப் பொறுக்கினார். தச்சரின் விரல் நடுங்கியதால் அவர் தூண்டிற்கோலைத் தாமே வாங்கி, கயிற்றின் நுனியில் அந்த ஈயை முடிந்து, பல்லால் நுனியைக் கடித்துத் துப்பி, கோலை அவர் கையில் கொடுத்தார். பிப்ரவரியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. பொழுது சாயும் வரை மற்ற மூவரும் நீரில் நின்றார்கள். தச்சர் மட்டும் பாறை மேல். நாம் ஆறிப்போன கோப்பியைக் குடித்துக்கொண்டு பார்த்திருந்தோம். அன்று மீன் அகப்படவேயில்லை.

அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் தச்சர் காலமானார் என்று தோழர் எழுதினார். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் மூவரும் வழக்கம்போல் சென்றார்கள். அதற்கு முன்பே, பிப்ரவரியில் ஒரு நாளும் மூவரும் அப்பாறைக்குப் போய் வந்தார்களாம். அன்று தூண்டில் எடுத்துச் செல்லவில்லை என்று எழுதியிருந்தார்.